கோடைப் பயிற்சிக்குக் கார்த்திகையிலேயே விண்ணப்பம்

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோடவே வந்து பின்னாடி நிக்கிற அப்பாக்கள், முன்வரிசை காலியாத்தான் இருக்கு, வந்து உட்காருங்க. இன்னிக்குப் பேசப்போறது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நம்ம பக்கத்துல "ட்ரெய்னிங்"னு சொன்னா ஒரே ஒரு அர்த்தம்தான், அப்ரென்டிஸ். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி, ஒரகடத்தில் லாரி, பைக், டயர் கம்பெனிகள், சுங்குவார்சத்திரத்தில் செல்ஃபோன் தொழிற்சாலை. 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி பயிற்சி, மாத உதவித்தொகை, கடைசியில் ஒரு சான்றிதழ். நல்ல ஏற்பாடு, குறை சொல்லலை. அதில், செய்முறை தெரிந்த ஒரு வேலையை நீங்க கற்றுக்கொள்கிறீர்கள். டார்க் ரெஞ்சில் எவ்வளவு முறுக்கணும் என்று யாரோ ஏற்கெனவே கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க, நீங்க அதன்படி செய்றீங்க.

நான் சொல்ல வந்தது வேற பயிற்சி. கோடை விடுமுறையில் ஆறு முதல் எட்டு வாரம், ஒரு அரசு ஆய்வகத்திலோ ஐஐடி மாதிரி நிறுவனத்திலோ, ஒரு விஞ்ஞானியின் கீழே போய் உட்காருவது. கையில் ஒரு கேள்வி கொடுப்பாங்க. அதற்கான விடை புத்தகத்தில் இருக்காது, அந்த விஞ்ஞானிக்கும் முழுசாத் தெரியாது. இதைத்தான் "சம்மர் இன்டர்ன்ஷிப்", "சம்மர் ஃபெலோஷிப்" என்று சொல்றாங்க. நம்ம பகுதிக் கல்லூரிகளில் இதற்கு விண்ணப்பிக்கிறவங்க ரொம்பக் குறைவு. மார்க் குறைச்சல் என்பதால் அல்ல. மே மாதம் போக வேண்டிய இடத்துக்கு மே மாதம் கேட்கப் போவதால்தான். அப்போ கதவு மூடி அஞ்சு மாசம் ஆகியிருக்கும்.

முதலில், ஆய்வகம் எங்கே இருக்கு? நிறைய பேர் பெங்களூர், மும்பை என்று யோசிக்கிறீங்க. ஒரகடம் சிப்காட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கு. குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர், சுருக்கமாக ஜிஏஆர்சி, மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிற வாகன ஆய்வு மையம். பஸ்ஸில் போகும்போது அந்த காம்பவுண்டைப் பார்த்திருப்பீங்க, அதுவும் ஏதோ கம்பெனி என்று நினைச்சிருப்பீங்க. உள்ளே வண்டியை மோதவிட்டுப் பார்க்கிற ஆய்வகம் உண்டு. மின்காந்த இடையூறு சோதிக்கிற அறையும் உண்டு. மிக்சி ஓடும்போது பழைய ரேடியோவில் கொர்ரென்று சத்தம் வருமே, அந்த மாதிரி ஒரு தொந்தரவு ஓடுற காரின் பிரேக் எலக்ட்ரானிக்ஸுக்கு வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் அங்கே பார்க்கிறாங்க. எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் படிக்கிறவங்க அதன் இணையதளத்தைப் பார்த்து, கல்லூரிக் கடிதத்தோடு மாணவர் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

அடுத்தது சென்னை. அடையாறு சர்தார் படேல் சாலையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றதும் செருப்பு என்று நினைக்காதீங்க, அங்கே உயிரி வேதியியல், கழிவுநீர் சுத்திகரிப்பு, பாலிமர் என்று பல பிரிவுகள் இருக்கு. பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸ். தரமணியில் சிஎஸ்ஐஆர் வளாகம், அதில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், சிவில் மாணவர்களுக்கு. அதே தரமணியில் கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கணினி அறிவியலுக்கு கணித அறிவியல் நிறுவனம். தெற்கே போனால் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். தூரமாகப் போகத் தயார் என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம் அது. பேட்டரி, துருப்பிடித்தல், முலாம் பூசுதல் எல்லாம் அங்கே ஆராய்ச்சி. மின்சார வண்டி ஓடுற இந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெயரை மறக்காதீங்க.

இப்போ காலண்டருக்கு வருவோம். இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான பகுதி, ஃபோனை எடுத்துக் குறிச்சுக்கோங்க.

நாட்டில் பெரிய திட்டம் என்றால் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜ் தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு, ரயில் செலவும் உண்டு. மாணவர்கள் மட்டுமல்ல, கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், இது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. அறிவிப்பு தீபாவளியை ஒட்டி வரும். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் கடைசியை ஒட்டி, அதாவது கார்த்திகை பிறந்த கொஞ்ச நாளில். உங்களுக்கு அப்போ செமஸ்டர் பரீட்சை, வெளியே மழை, எங்கேயாவது லீவு விட்டிருப்பாங்க. அந்த நேரத்தில் "அடுத்த மே மாதம்" என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. அதனால்தான் இப்போதே அக்டோபர் 1-ம் தேதிக்கு ஒரு ரிமைண்டர் போடச் சொல்கிறேன்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோடைத் திட்டத்துக்கு ஜனவரியை ஒட்டிப் பார்க்கணும். ஐஐடி மெட்ராஸ் கோடை ஃபெலோஷிப் அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அதில் பி.இ., பி.டெக். மூன்றாம் ஆண்டு, எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு மாதிரி இறுதியாண்டுக்கு முந்தைய வகுப்பில் இருப்பவங்களைத்தான் எடுக்கிறாங்க. சமீப ஆண்டுகளின் அறிவிப்பில் மாதம் 15,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு மாதம். தேதியும் தொகையும் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல் அந்த வருஷத்து அறிவிப்பையே திறந்து படிங்க. பன்னிரண்டாம் வகுப்பில் முன்னணி மதிப்பெண் எடுத்து பி.எஸ்சி. அறிவியலில் சேர்ந்து, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: வருஷம் 80,000 ரூபாய் என்று சொல்றாங்களே, அதில் 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியது. ஆய்வகம் போகலைன்னா அந்தப் பணம் கிடைக்காது.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைச் சொல்லணும். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1907-ல் கல்கத்தாவில் மத்திய அரசின் நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தார். வயது 18. பௌபஜார் தெருவில் அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற போர்டைப் பார்த்து உள்ளே போய், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி பண்ண அனுமதி கேட்டார், கொடுத்தாங்க. பத்து வருஷம், இடையில் ரங்கூன், நாக்பூர் மாற்றலெல்லாம் போக, காலையும் மாலையும் அங்கேதான். 1930-ல் நோபல் பரிசு. அதே ராமன்தான் 1934-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை ஆரம்பிச்சார், இப்போ இந்தக் கோடை ஃபெலோஷிப்பை நடத்துற மூன்று கழகங்களில் ஒன்று அது. அவர் காலத்தில் கதவைத் தட்டினால் போதும். இன்னிக்கு அந்தக் கதவு ஒரு ஆன்லைன் படிவம், கடைசி நாள் ராத்திரி சர்வர் திணறும்.

சரி, படிவம். ஃபோனிலேயே நிரப்பிடலாம், ஆனா ஆவணங்கள் முன்கூட்டியே தயாரா இருக்கணும். 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் தேடிப் பாருங்க, சமீப வருஷங்களில் எழுதினவங்களுக்குக் கிடைக்கும். சட்டப்படி அது அசலுக்குச் சமம். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களை வெயில் வெளிச்சத்தில், நிழல் விழாமல் ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப் ஆக்கிடுங்க. கல்லூரியில் போனஃபைட் சான்றிதழும் தடையின்மைக் கடிதமும் வாங்கணும். இவ்வளவுதான். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் எடுக்கணுமா என்று கேட்டு இ-சேவை மையத்தில் வரிசையில் நிக்கிறவங்களை நான் பார்க்கிறேன். அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் போங்க. பாதுகாப்புக் கெடுபிடி உள்ள சில நிறுவனங்கள் தேர்வான பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கலாம், அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஸ்டேஷனில் யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் ஆகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்க.

பெயரில்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. வடக்கே போட்ட படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம். நமக்குக் கடைசிப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். ஒருத்தர் இனிஷியலை முன்னாடி போடுவார், ஒருத்தர் அப்பா பெயரை முழுசா எழுதுவார், ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. கடைசியில் உதவித்தொகை போடும்போது பெயர் பொருந்தலை என்று பணம் திரும்பிப் போகும். 10-ம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கோ அதையே மூலமாக வெச்சுக்கோங்க. ஆதாரும் வங்கிக் கணக்கும் அதோடு ஒத்துப்போகலைன்னா இப்போ சும்மா இருக்கிற நாளில் ஆதார் மையத்துக்குப் போய் மாத்திடுங்க. கடைசிப் பெயர் கட்டாயம் என்று படிவம் அடம் பிடித்தால், அந்த இனிஷியலையோ அதன் விரிவையோ போடுங்க, எதைப் போட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

அடுத்து, உங்களைத் தேர்ந்தெடுக்கிறவர் உண்மையிலேயே படிக்கிற பகுதி. "ஏன் இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறீர்கள்" என்று ஒரு பத்தி எழுதச் சொல்வாங்க. பத்தில் ஒன்பது பேர் "சின்ன வயசிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பிப்பாங்க. அப்துல் கலாம் பெயர் ரெண்டாவது வரியில் வரும். அவரை மதிக்க வேண்டியதுதான், ஆனா தேர்வு செய்யும் விஞ்ஞானி அன்னிக்கு மட்டும் நூறு கலாமைப் பார்த்திருப்பார். இப்போ இன்னொரு புது வகை வந்திருக்கு. ஃபோனில் செயற்கை நுண்ணறிவு ஆப்பிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவது. வழவழ என்று நல்ல ஆங்கிலம், உள்ளே ஒன்றுமிருக்காது. நேர்காணலில் அந்தப் பத்தியிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

உங்ககிட்ட எழுத விஷயம் இருக்கு. ஒரு உதாரணம் சொல்றேன். பி.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருத்தி என்று வெச்சுக்குவோம். கல்லூரி லேபில் இடிடிஏ டைட்ரேஷன் வெச்சு தண்ணீரின் கடினத்தன்மை அளப்பது எல்லாருக்கும் பாடம். எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. இவள் வீட்டு போர்வெல் தண்ணியை மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை பாட்டிலில் கொண்டுவந்து அளந்து பார்க்கிறாள். ரெண்டு எண்ணும் வேற. ஏன் என்று தெரியலை. அவ்வளவுதான், அதை எழுதினால் போதும்: என்ன அளந்தேன், என்ன வந்தது, எது புரியலை, உங்க ஆய்வகத்தில் இதைப் புரிஞ்சுக்க என்ன வழி இருக்கு. நாலு வாக்கியம். உங்க அப்பா பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறாரா? ஈரப்பதம் ஏறினால் பெயின்ட் ஏன் சரியா உட்காராது என்று அவரிடம் கேளுங்க, அப்புறம் உங்க பாடப்புத்தகத்தைத் திறங்க. அம்மா எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில் இருக்காங்களா? கையில் ஏன் ஸ்ட்ராப் கட்டிக்கிறாங்க, நிலைமின்சாரம் ஒரு சிப்பை எப்படிக் கெடுக்கும்? இந்தக் கேள்விகள் ஆய்வகத்தில் இருக்கிற கேள்விகள்தான். சென்னை நகரத்துப் பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டாத விஷயம். உங்க வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுற பேச்சு. கம்பெனி ரகசியம் எதையும் எழுதிடாதீங்க, படமும் எடுக்காதீங்க, அப்பா வேலை முக்கியம்.

முதலில் தமிழில் எழுதுங்க. யோசனை தமிழில் தெளிவானால், ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தாலும் போதும். இலக்கணத் தப்பைத் திருத்த ஆசிரியரிடமோ ஆப்பிடமோ கொடுக்கலாம், விஷயத்தை மட்டும் வேற யாரிடமும் கடன் வாங்காதீங்க.

ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் இன்னொன்று. கடைசி நாள் மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி "சார், ஒரு லெட்டர்" என்றால், "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்றுதான் வரும். அது எந்த வேலைக்கும் ஆகாது. மூணு வாரம் முன்னாடி போங்க. நீங்க அவர் வகுப்பில் என்ன செய்தீங்க, எந்த பரிசோதனையைத் திரும்பச் செய்தீங்க என்று அரைப் பக்கம் எழுதிக் கையில் கொடுங்க, அதை வெச்சு அவர் எழுதுவார். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சில திட்டங்களில் பரிந்துரையை நீங்களே ஆன்லைனில் அனுப்பணும், அந்த மெயில் ஸ்பாமில் போய் விழும், பாருங்க. மாணவர் எல்லாம் சரியாகச் செய்தும் இந்த ஒரு மெயிலால் விண்ணப்பம் பாதியில் நின்னுடும்.

அறிவிக்கப்பட்ட திட்டங்களில் இடம் குறைவு, போட்டி நாடு முழுக்க. அதனால் ரெண்டாவது வழியையும் சேர்த்தே செய்யணும், விஞ்ஞானிக்கு நேரடியாக மின்னஞ்சல். ஆய்வக இணையதளத்தில் ஒவ்வொருவரும் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று இருக்கும். நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீங்க, அது தெரிஞ்சிடும். அஞ்சு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையின் முன்னுரையையாவது படிச்சு, அதில் உங்களுக்குப் புரிந்ததையும் புரியாததையும் ரெண்டு வரியில் எழுதுங்க. "ஹாய் சார்" வேண்டாம். ஒரு பக்க சுயவிவரம் இணைச்சு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று தெளிவாகச் சொல்லுங்க. பொறியியல் மாணவர்கள் செமஸ்டர் பரீட்சை மே கடைசிவரைகூடப் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. பத்து நாளில் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம்.

பணம் பற்றி ரெண்டு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "விஞ்ஞானிகளிடம் இன்டர்ன்ஷிப், இடம் குறைவு, உடனே 1,999 ரூபாய்" என்று வரும். அரசு நிறுவனத்தின் லோகோவும் போட்டிருப்பாங்க. ஃபெலோஷிப் என்றால் அவங்கதான் உங்களுக்குப் பணம் தருவாங்க. ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு: உதவித்தொகை இல்லாத ப்ராஜெக்ட் பயிற்சிக்குச் சில அரசு ஆய்வகங்கள் கட்டணம் வாங்குவது உண்மை. அப்போ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்க. நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு, அதன் தளத்திலேயே போட்டிருக்கும் கட்டண விவரம், ரசீது இருந்தால் சரி. தனி மனிதரின் ஃபோன் நம்பருக்கு யுபிஐ என்றால் நிறுத்துங்க. இணைய முகவரி ஜிஓவி டாட் இன், ஏசி டாட் இன், ரெஸ் டாட் இன் என்று முடிகிறதா பாருங்க. வேறு மாதிரி முடியும் உண்மையான ஆய்வகங்களும் உண்டு, அப்போ சிஎஸ்ஐஆர் தளத்தில் இருக்கிற ஆய்வகப் பட்டியல் வழியாக உள்ளே போங்க, வந்த லிங்கைத் தொடாதீங்க. பணம் போயிடுச்சா, வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இப்போ பெற்றோர்கிட்ட. உங்க பிள்ளை கோடையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் ரெண்டு மாசச் சம்பளம் கொண்டுவருவான், அது வீட்டுக்குத் தேவை. இது எனக்குத் தெரியும். ஆய்வகத்துக்குப் போனால் அந்த வருமானம் போகும், சில இடங்களில் உதவித்தொகையே கிடையாது. கிடைக்கிற இடத்திலும் மாசக் கடைசியிலோ, அறிக்கை கொடுத்த பிறகோதான் கைக்கு வரும். முதல் மாச பஸ், சாப்பாட்டுச் செலவுக்குக் கையிலிருந்துதான் போடணும். அதனால் எல்லாருக்கும் இது சரிப்பட்டு வரும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டு முடிவெடுங்க. உதவித்தொகை உள்ள இடத்துக்கு முதலில் முயற்சி, உதவித்தொகை இல்லாத இடமென்றால் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடம் மட்டும். ஒரகடம் பக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போய் மின்சார ரயில் பிடித்தால் கிண்டி, அங்கிருந்து அடையாறுக்கு பஸ். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வழி பஸ். சீசன் டிக்கெட் எடுத்தால் ரயில் செலவு சமாளிக்கலாம். நேரம்தான் போகும்.

பாலிடெக்னிக் மாணவர்கள் கேட்டீங்க. நேராகச் சொல்கிறேன், நான் சொன்ன பெரிய ஃபெலோஷிப்கள் பட்டப்படிப்பு, முதுநிலை மாணவர்களை மனசில் வெச்சு அமைத்தவை. உங்களுக்கு நேரடி மின்னஞ்சலும் கல்லூரிக் கடிதமும்தான் வழி. அரியர் இருக்கிறவங்க மறைக்காதீங்க, படிவத்தில் கேட்டால் உள்ளதைப் போடுங்க. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குப் பணம் இல்லை என்றால் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டப்பணி நிதியுதவி இருக்கு, அதற்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்கணும், துறைத் தலைவரிடம் கேளுங்க.

ஒரு அம்மா சீட்டில் எழுதிக் கொடுத்திருக்காங்க, "பொண்ணை ரெண்டு மாசம் வெளியூர் எப்படி அனுப்புறது?" நியாயமான கேள்வி. தேர்வுக் கடிதம் வந்ததும் அதில் இருக்கிற அலுவலகத்துக்கு மெயில் போட்டு விடுதி உண்டா, பெண்களுக்குத் தனியா, மாசம் எவ்வளவு, ராத்திரி லேபில் இருக்க வேண்டி வருமா என்று நாலு கேள்வியையும் எழுத்தில் கேளுங்க. பதில் எழுத்தில் வரும். சென்னைக்குள் என்றால் அரசின் தோழி விடுதிகள் இருக்கு, பணிபுரியும் பெண்களுக்கானது, பயிற்சிக்கு வர்றவங்களுக்கு இடம் தருவாங்களா என்று கேட்டுப் பாருங்க. முதல் நாள் நீங்களே கூடப் போய் விட்டுட்டு வாங்க, அந்த வழிகாட்டியையும் பார்த்துட்டு வாங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க.

ரிமைண்டர் போட்டாச்சா? அக்டோபர் 1.